என் பதிப்பில் ஓட்டை உண்டா? ஒரு பாதுகாப்புப் பக்கத்தைப் பிரித்துக் கட்டிய அனுபவம்

நாங்கள் பராமரிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒருவரிடமிருந்து ஜூன் மாதத்தில் ஒரு மடல் வந்தது. "நாங்கள் 2.7.4 பதிப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பாதுகாப்புப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். எங்களுக்குப் பாதிப்பு உண்டா, இல்லையா என்று தெரியவில்லை. சொல்ல முடியுமா?" எழுதியவர் ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். இரண்டு நிமிட வேலைதானே என்று பக்கத்தைத் திறந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. மென்பொருளில் இதுவரை தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளைச் சொல்லும் அந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் எழுதியவன் நான். எனக்கே நாற்பது நிமிடம் என்றால், நள்ளிரவில் மேலதிகாரி தொலைபேசியில் காத்திருக்கும்போது அதைத் திறக்கும் ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தபோது சங்கடமாக இருந்தது. அவருக்கு "ஆம், இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, 2.10.3-க்கு மாறுங்கள்" என்று பதில் போட்டுவிட்டு, பக்கத்தைப் பிரித்துக் கட்டுவது என்று அன்றே முடிவுசெய்தேன்.

முதலில் மென்பொருளைப் பற்றி. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் டார், ஜிப் போன்ற காப்பகக் கோப்புகளைப் பிரித்தெடுக்கும் ஒரு திறமூல லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் தமக்குள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல், பைத்தான் மொழியில் எழுதியது. 2014-இல் தொடங்கியது. இப்போது மூன்று பேர் பராமரிக்கிறோம், மூவருக்கும் இது வேலை முடிந்து வந்து செய்யும் வேலை. காப்பகம் பிரிக்கும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைக்குப் பஞ்சமே இருக்காது. உள்ளே இருக்கும் கோப்பின் பெயரில் "../../" என்று வைத்து ஒருவர் அனுப்பினால், பிரிக்கும் நிரல் கவனிக்காத பட்சத்தில், கோப்பு நாம் சொன்ன அடைவைத் தாண்டி வேறெங்கோ போய் விழும். சர்வரின் அமைப்புக் கோப்பின் மேலேயே விழலாம். 2018-இல் ஸ்னீக் நிறுவனம் இதற்கு ஜிப் ஸ்லிப் என்று பெயர் வைத்து, பல மொழிகளின் லைப்ரரிகளில் இது இருப்பதை எடுத்துக்காட்டியது. பைத்தானோடு வரும் டார்ஃபைல் தொகுதியிலேயே இதே சிக்கல் சிவிஇ-2007-4559 என்ற எண்ணோடு (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) ஆண்டுக்கணக்கில் ஆவணத்தில் ஓர் எச்சரிக்கையாக மட்டும் இருந்தது. 2022-இல் மறுபடி பேச்சு கிளம்பி, பைத்தான் 3.12 பதிப்பில் இப்படிப்பட்ட கோப்புகளைத் தடுக்கும் வடிகட்டி வந்து, 3.14-இல்தான் அந்த வடிகட்டி தானாகவே இயங்கும்படி ஆனது. எங்கள் லைப்ரரியில் இந்தக் குடும்பத்து ஓட்டைகள் ஐந்து, வேறு வகை மூன்று. மொத்தம் எட்டு.

எட்டு ஓட்டைகளுக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் உட்கார்ந்து எழுதியதில்லை. ஒவ்வொரு முறை ஓட்டை வெளியானபோதும், வெளியீட்டு அவசரத்தில், மேலே ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டு நகர்ந்திருக்கிறோம். சேர்த்தவர் யாரோ அவருடைய நடை. ஒரு பத்தியில் முதல் வரியே பதிப்பு எண், இன்னொன்றில் அது கடைசி வரி, மூன்றாவதில் "சமீபத்திய வெளியீட்டில் சரிசெய்யப்பட்டது" என்று மட்டும். அது எழுதிய நாளில் சமீபத்தியது. இன்று படிப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

பக்கத்தைத் தாளில் அச்சிட்டேன். ஆறு தாள் வந்தது. திரையில் உருட்டிக்கொண்டே போகும்போது கண்ணில் படாதது தாளில் படும் என்பது என் அனுபவம். மூன்று நிறப் பேனா எடுத்துக்கொண்டேன். ஓட்டையைக் கண்டுபிடித்து எங்களிடம் சொல்ல வருபவருக்குத் தேவையான வரிகளுக்கு நீலம். தன்னிடம் இருக்கும் பதிப்பு பாதுகாப்பானதா என்று பார்க்க வருபவருக்குச் சிவப்பு. எங்கள் லைப்ரரியை லினக்ஸ் பொதியாக்கித் தருபவர், ஓட்டையுள்ள பதிப்புகளைத் தேடும் ஸ்கேனர் நடத்துபவர் போன்றவர்களுக்குப் பச்சை. அரை மணி நேரத்தில் ஆறு தாளும் ஹோலிப் பண்டிகைச் சட்டை போல ஆகிவிட்டன. மூன்று நிறமும் ஒரே பத்திக்குள் கலந்து கிடந்தன. எந்த நிறமும் படாத வரிகளும் நிறைய: நன்றியுரை, திட்டத்தின் வரலாறு, நாங்கள் பாதுகாப்பை எவ்வளவு முக்கியமாக மதிக்கிறோம் என்ற அறிமுகம். அந்த அறிமுகம்தான் பக்கத்தின் உச்சியில் இருந்தது. ஓட்டையைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல் முகவரி ஐந்தாம் தாளில்.

அதன் விளைவை நாங்கள் ஏற்கெனவே அனுபவித்திருந்தோம். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு மாணவர் நல்ல ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, எல்லோரும் பார்க்கும் இஷ்யூ பட்டியலிலேயே முழுச் செய்முறையோடு போட்டுவிட்டார். திருத்தம் தயாராகும் முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. முகவரி எங்கே என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று அவரே எழுதியிருந்தார்.

வேலையைத் தொடங்கும் முன் மற்ற திறமூல மென்பொருள்காரர்கள் தங்கள் பாதுகாப்புப் பக்கத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு மாலை முழுவதும் பார்த்தேன். ஜாங்கோவில் எல்லா ஓட்டைகளும் ஒரே காப்பகப் பக்கத்தில் தேதி வாரியாக 2006 வரை பின்னோக்கிப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் பாதிக்கப்பட்ட பதிப்புகள், ஒவ்வொரு கிளைக்குமான (தனித்தனியாகப் பராமரிக்கும் பதிப்பு வரிசை) பேட்சுக்கு, அதாவது திருத்தத்துக்கு, இணைப்பு. ஆய்வு செய்பவருக்கு அது தங்கம். அப்பாச்சி டாம்கேட் பெரும்பதிப்புக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, "இந்த வெளியீட்டில் சரிசெய்தவை" என்று தலைப்பு போடுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் பட்டியலில் பாதிக்கப்பட்டவை, திருத்தப்பட்டவை என்று தனித்தனி நெடுவரிசை. ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கர்ல். அங்கே ஒவ்வொரு ஓட்டைக்கும் தனிப் பக்கம் உண்டு, அதோடு ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் உண்டு. "இந்தப் பதிப்பில் தெரிந்த ஓட்டைகள் இவை" என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எங்களுக்கு வந்த மடல் கேட்டது இதைத்தானே. நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக "எங்களுக்கு என்ன நடந்தது" என்ற வரிசையில் எழுதிக்கொண்டிருந்தோம். படிக்க வருபவர் "என்னிடம் இருப்பது என்ன ஆகும்" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்.

சரி, எது மேலே வர வேண்டும்? இதில் மூவருக்குள்ளும் இரண்டு நாள் வாதம் நடந்தது. ஓட்டையைத் தெரிவிக்கும் வழிதான் உச்சியில் இருக்க வேண்டும், ஏனென்றால் தவறான இடத்தில் வந்து விழும் ஒரே ஒரு அறிக்கை ஆயிரம் பேரைப் பாதிக்கும் என்றார் எங்களில் ஒருவர். பதிப்பு பார்க்க வருபவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பது என் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில் உச்சியில் இரண்டே வரி வைத்தோம். முதல் வரி: ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தால் இங்கே எழுதுங்கள், பொதுவில் இட வேண்டாம். இரண்டாம் வரி: உங்கள் பதிப்பைத் தெரிந்துகொள்ள இந்தப் பட்டியல். அறிமுகப் பத்தியை முழுவதும் எடுத்துவிட்டோம். பாதுகாப்பை மதிக்கிறோம் என்பதை அந்த இரண்டு வரிகளே சொல்லட்டும் என்று தோன்றியது.

இதுவரை எழுத்து வேலை. பட்டியலை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது.

ஒவ்வொரு ஓட்டைக்கும் இரண்டு எண் வேண்டும்: எந்தப் பதிப்பில் நுழைந்தது, எந்தப் பதிப்பில் அடைபட்டது. இரண்டாவது எங்களுக்குத் தெரியும், அடைத்தது நாங்கள்தானே. முதலாவதை நாங்கள் தேடியதே இல்லை. எட்டில் ஆறு ஓட்டைகளுக்கு "இதற்கு முந்தைய எல்லாப் பதிப்புகளும்" என்று எழுதி வைத்திருந்தோம். அது பாதுகாப்பான பக்கம் சாய்ந்து நிற்பது போலத் தெரியும். ஆனால் பாதிப்பே இல்லாத பழைய பதிப்பை வைத்திருப்பவரைப் பயமுறுத்தி, வேலை நடுவில் மேம்படுத்த வைப்பதும் தீங்குதான். அப்படி இரண்டு முறை வீணாக ஓடியவர் மூன்றாவது முறை நிஜமாகவே ஓட வேண்டியபோது ஓடமாட்டார்.

இன்னொரு குழப்பம், "வரை" என்ற சொல். பக்கத்தில் ஓரிடத்தில் "3.1.2 வரை" என்று இருந்தது. 3.1.2 உள்ளே சேர்த்தியா, வெளியிலா? எழுதியவரிடமே கேட்டேன், அவருக்கும் நினைவில்லை. இனி எங்கும் "வரை" இல்லை என்று முடிவுசெய்தோம். பாதிக்கப்பட்ட முதல் பதிப்பு, பாதிக்கப்பட்ட கடைசிப் பதிப்பு, திருத்தம் வந்த பதிப்பு, மூன்றும் தனித்தனியாக.

நுழைந்த பதிப்பைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சிறு சோதனை நிரல்: தீங்கான காப்பகம் ஒன்றை உருவாக்கும், லைப்ரரியிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லும், அடைவுக்கு வெளியே கோப்பு விழுந்ததா என்று பார்க்கும். விழுந்தால் 1, விழாவிட்டால் 0 என்று வெளியேறும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் பைசெக்ட் ரன் கட்டளை இந்த வெளியேறும் எண்ணைப் பார்த்துத் தானாகவே பாதிப் பாதியாகக் குறுக்கிக்கொண்டு போகும். 0 என்றால் நல்ல கமிட் (பதிந்த ஒரு மாற்றம்), 125 என்றால் இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ என்று பொருள், 1 முதல் 127 வரை மற்றதெல்லாம் கெட்டது. கமிட் கமிட்டாகப் போகும் முன், வெளியான பதிப்புகளைக் குறிக்கும் டேக்குகளை மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். மொத்தம் அறுபத்தொரு டேக். எந்த இரண்டு டேக்குகளுக்கு நடுவில் நிலை மாறுகிறது என்று தெரிந்தபின் அந்த இடைவெளியில் மட்டும் பைசெக்ட்.

2014-இன் நிரல் இன்றைய பைத்தானில் ஓடாது. 2.7, 3.4, 3.6 என்று பழைய பைத்தான்களுக்குத் தனித்தனி டாக்கர் கன்டெய்னர் (தனித்து இயங்கும் சோதனைச் சூழல்) எழுப்ப வேண்டியிருந்தது. பைத்தான் 2.7-க்கு ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளே முடிந்துவிட்டது, அதனால் சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளின் பழைய பதிப்புகளையும் கையால் தேடிப் பிடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. இந்த ஒரு காரியத்துக்கே ஒரு சனி, ஞாயிறு போய்விட்டது.

அடுத்த வாரம் ஒரு பெரிய தவறு கண்ணில் பட்டது. ஓர் ஓட்டைக்கு 2.1 முதல் 2.4 வரையான பதிப்புகள் எல்லாம் "பாதுகாப்பு" என்று சோதனை சொன்னது. மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டேன். அப்புறம் பதிவுகளைத் திறந்து பார்த்தால், அந்தப் பதிப்புகள் தீங்கான கோப்பைக் கண்டுபிடித்து மறுத்திருக்கவில்லை. நான் உருவாக்கிய காப்பகத்தின் தலைப்பு வடிவம் அவற்றுக்குப் புரியாததால், முதல் கோப்பைத் தொடும் முன்பே முறிந்து விழுந்திருக்கின்றன. வெளியே கோப்பு விழவில்லை, ஆகவே என் நிரல் 0 சொல்லிவிட்டது. பழைய வடிவத்தில் காப்பகத்தைக் கட்டிக் கொடுத்ததும் நான்கு பதிப்புகளிலும் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு துணைச் சோதனை வைத்தேன். அதே வடிவத்தில் தீங்கில்லாத ஒரு காப்பகத்தை முதலில் கொடு, அது ஒழுங்காகப் பிரிகிறதா பார். பிரியாவிட்டால் 125. மறுத்ததும் மயங்கி விழுந்ததும் ஒன்றல்ல. பைசெக்ட் செய்து ஓட்டை தேடும் யாரும் இந்தத் துணைச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

திருத்தம் எந்தெந்தப் பதிப்பில் வந்தது என்பதிலும் ஒரு சறுக்கல் இருந்தது. கிட் டேக் கட்டளைக்கு கன்டெய்ன்ஸ் விருப்பம் கொடுத்தால், ஒரு கமிட் எந்த வெளியீடுகளுக்குள் இருக்கிறது என்று பட்டியல் தரும். மூன்றாம் கிளையில் செய்த திருத்தத்தைக் கொடுத்தால் 3.1.2 முதல் மேலே எல்லாம் வந்தது, 2.10.3 வரவில்லை. ஆனால் 2.10.3-இல் அடைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரணம், பழைய கிளைக்குச் செர்ரி-பிக் செய்யும்போது, அதாவது ஒரு கமிட்டை மட்டும் நகலெடுத்து ஒட்டும்போது, கமிட்டுக்குப் புது அடையாள எண் கிடைத்துவிடும். கிட்டின் கண்ணுக்கு அவை இரண்டும் வேறு வேறு கமிட்டுகள். செர்ரி-பிக் செய்யும்போது எக்ஸ் விருப்பத்தைக் கொடுத்திருந்தால் மூலக் கமிட்டின் எண் செய்தியிலேயே பதிந்திருக்கும். நாங்கள் கொடுத்ததில்லை. கிளை கிளையாகத் திறந்து, மாறிய வரிகளை ஒப்பிட்டுத்தான் ஜோடி சேர்த்தேன்.

எட்டில் மூன்று ஓட்டைகளுக்கு எங்கள் பக்கம் தவறான வரம்பைச் சொல்லிக்கொண்டிருந்தது என்று இதிலிருந்து தெரியவந்தது. குறியீட்டு இணைப்பு (வேறோர் இடத்தைச் சுட்டும் கோப்பு) வழியாகத் தப்பிக்கும் ஓட்டை, அந்த வசதியே 2.6.0-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய பதிப்புகளில் இல்லவே இல்லை. "எல்லாப் பதிப்புகளும்" என்று எழுதி வைத்திருந்தோம். இது பரவாயில்லை வகை. இன்னொன்றுதான் மனத்தை உறுத்தியது. பக்கத்தில் "2.8.0 முதல்" என்று இருந்தது. சோதனை 2.5.6, 2.5.7 இரண்டிலும் ஓட்டையைக் காட்டியது. ஒரு பயனர் கேட்டார் என்பதற்காக 2.8-இன் வசதி ஒன்றை 2.5 கிளைக்கும் கொண்டுபோயிருந்தோம், வசதியோடு ஓட்டையும் கூடவே போயிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அந்த இரண்டு பதிப்பையும் வைத்திருந்தவர்கள் எங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

அன்றே திருத்தினோம். 2.5 கிளைக்கு ஆதரவு முடிந்து வெகு நாள் ஆகிறது, ஆனாலும் பேட்ச் ஒன்றைத் தயாரித்து வைத்தோம். சிவிஇ பதிவிலும் வரம்பை மாற்றக் கேட்டோம், ஏனென்றால் ஸ்கேனர்கள் எங்கள் பக்கத்தைப் படிப்பதில்லை, அந்தப் பதிவைத்தான் படிக்கின்றன. அறிவிப்பின் அடியில் "இந்தத் தேதியில் வரம்பு திருத்தப்பட்டது, முன்பு இப்படி இருந்தது" என்று ஒரு வரி சேர்த்தோம். மௌனமாக எண்ணை மாற்றிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பழையதைப் படித்து முடிவெடுத்தவருக்குத் தன் முடிவை மறுபடி பார்க்க ஒரு காரணம் வேண்டும்.

ஒரே ஓட்டைக்கு இரண்டு வரம்பு இருக்கலாம் என்பதைப் பட்டியலில் எப்படிக் காட்டுவது? 2.6.0 – 2.10.2, அப்புறம் 3.0.0 – 3.1.1. ஒரே வரியில் போட்டால் 2.10.3 வைத்திருப்பவர், 3.1.2-ஐ விடச் சிறிய எண்தானே, நானும் பாதிக்கப்பட்டவன் என்று நினைப்பார். 2021 டிசம்பரில் ஜாவா நிரல்களுக்குப் பதிவு எழுதும் லைப்ரரியான லாக்4ஜே பட்ட பாடு இதற்கு நல்ல பாடம். 2.15.0 வந்தது, திருத்தம் முழுமையில்லை என்று 2.16.0 வந்தது, பிறகு 2.17.0, பிறகு 2.17.1. அதே நேரத்தில் ஜாவா 7 பயன்படுத்துபவர்களுக்கு 2.12.4, ஜாவா 6-க்கு 2.3.2. 2.3.2 என்ற எண் 2.15.0-ஐ விடச் சிறியது, ஆனால் அதைவிடப் பாதுகாப்பானது. எண்ணைப் பார்த்துப் பெரிது சிறிது என்று தீர்மானிக்க முடியாது, கிளையைப் பார்க்க வேண்டும். அதனால் கிளைக்கு ஒரு வரிசை என்று பிரித்துவிட்டோம். பட்டியலை அடுக்கும் நிரல் முதலில் 2.10-ஐ 2.9-க்கு மேலே, 2.1-க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. பதிப்பு எண்ணை எழுத்தாக வைத்து அடுக்கினால் அப்படித்தான் ஆகும். புள்ளியில் பிரித்து எண்ணாக மாற்றி அடுக்கியதும் சரியானது.

தீவிரத்தை எப்படிச் சொல்வது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. சிவிஎஸ்எஸ் அளவுகோல் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் தரும், 7 முதல் உயர்வு, 9 முதல் மிகத் தீவிரம். ஒரு லைப்ரரிக்கு அந்த ஒற்றை எண் பல நேரம் பொய் சொல்லும். காரணம், யார் எங்கே எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. தன் சொந்தக் காப்பகங்களை மட்டும் பிரிப்பவருக்கு ஒன்றுமில்லாதது, யார் வேண்டுமானாலும் கோப்பு ஏற்றும் தளத்தை நடத்துபவருக்குத் தலை போகிற விஷயம். லாக்4ஜேயின் இரண்டாவது ஓட்டை, சிவிஇ-2021-45046, முதலில் 3.7 என்று மதிப்பிடப்பட்டுச் சில நாளில் 9.0 ஆனது. கர்ல் திட்டம் எண்ணே கொடுப்பதில்லை, குறைவு, நடுத்தரம், உயர்வு, மிகத் தீவிரம் என்று நான்கு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. நாங்களும் அதே வழியை எடுத்தோம். ஆனால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு வாக்கியம் கூடுதலாக: எந்தச் சூழலில் இது உங்களைத் தாக்கும். "வெளியாட்கள் தரும் டார் கோப்புகளை நேரடியாகப் பிரித்தால் மட்டும்" என்பது போல. அந்த ஒரு வாக்கியத்தைத் துல்லியமாக எழுத ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது.

எது ஓட்டை இல்லை என்று சொல்லும் பகுதி எங்கள் பழைய பக்கத்தில் இருக்கவே இல்லை. அதனால் ஆண்டுக்குச் சில முறை ஜிப் குண்டு பற்றிய அறிக்கை வரும். 42 கிலோபைட் அளவுள்ள ஒரு ஜிப் கோப்பு உள்ளுக்குள் விரிந்து விரிந்து 4.5 பெட்டாபைட் ஆகும் பிரபலமான உதாரணம் உண்டு, அதை அனுப்பி "உங்கள் லைப்ரரி தொங்கிவிடுகிறது" என்பார்கள். எங்கள் லைப்ரரியில் அளவு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. வரம்பு வைக்காமல் பிரித்து வட்டு நிரம்பினால் அதை ஓட்டையாக எடுத்துக்கொள்ள மாட்டோம், வரம்பு வைத்த பிறகும் அதைத் தாண்டிப் போக முடிந்தால் அது நிச்சயம் ஓட்டை, உடனே சொல்லுங்கள் என்று எழுதினோம். இதை எழுதும்போதுதான் வரம்பு என்ற வசதியை ஆவணத்தின் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறோம் என்பது தெரிந்தது. அதையும் முன்னால் கொண்டுவந்தோம்.

அறிவிக்கும் வழியைச் சீராக்கியது சுலபம். எங்கள் நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் தனிப்பட்ட முறையில் ஓட்டையைத் தெரிவிக்கும் வசதி 2023 முதல் எல்லோருக்கும் இருக்கிறது, அதை இயக்கினோம். மின்னஞ்சலையும் வைத்துக்கொண்டோம், கிட்ஹப் கணக்கு இல்லாதவரும் உண்டு. மடலைப் பூட்டி அனுப்ப பிஜிபி சாவி ஒன்று போட்டிருந்தோம், அது காலாவதியாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. இதுவரை வந்த அறிக்கைகளில் ஒன்றுகூட அதால் பூட்டி வரவில்லை என்பதால் எடுத்துவிட்டோம். 48 மணி நேரத்தில் பதில் என்று வாக்குக் கொடுத்திருந்ததை ஏழு நாள் என்று மாற்றினேன். மூன்று பேரும் விடுமுறையில் இருக்கும் ஒரு வாரம் வரத்தான் செய்யும், காப்பாற்ற முடியாத வாக்கு கொடுத்தால் பொறுமையிழந்தவர் பொதுவில் போட்டுவிடுவார். அதிகபட்சம் 90 நாளில் வெளியிடுவோம் என்றும் எழுதினோம். கூகுளின் ஓட்டை தேடும் குழுவான புராஜெக்ட் ஜீரோ அந்த எண்ணை எல்லோருக்கும் பழக்கிவிட்டதால் அறிவிப்பவர்களும் அதையே எதிர்பார்க்கிறார்கள்.

ஓட்டையை யாரிடம் சொல்வது என்று காட்டும் செக்யூரிட்டி டாட் டிஎக்ஸ்டி கோப்பும் தளத்தில் வைத்தோம். 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9116 என்ற ஆவணம் அதற்கான விதி. தொடர்பு முகவரி, காலாவதித் தேதி இரண்டும் கட்டாயம். தேதி ஓர் ஆண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது அந்த விதி. அந்தக் காலாவதி விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. செத்துப்போன முகவரிக்கு ஒருவர் எழுதிவிட்டுக் காத்திருக்கும் கொடுமையை அது தடுக்கும். எங்கள் தேதிக்கு ஒரு மாதம் முன்பு மூவரின் நாள்காட்டியிலும் நினைவூட்டல் ஏற்றியாகிவிட்டது.

பழைய இணைப்புகளைக் காப்பாற்றுவது எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது. எங்கள் சிவிஇ பதிவுகள் எல்லாம் பழைய பக்கத்தில் ஹாஷ் (#) குறிக்குப் பின்னால் வரும் பகுதிக்கு இணைப்பு கொடுத்திருக்கின்றன. ஒவ்வோர் ஓட்டையையும் தனிப் பக்கத்துக்கு மாற்றியபின், பழைய இணைப்பைச் சர்வரில் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். முடியாது. ஹாஷுக்குப் பின்னால் இருப்பதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே பட்டியலின் ஒவ்வொரு வரிசைக்கும் பழைய அடையாளப் பெயரையே வைத்தேன். பழைய இணைப்பில் வருபவர் பட்டியலில் சரியான வரிசையில் வந்து நிற்பார், அங்கிருந்து தனிப் பக்கத்துக்கு ஒரே சொடுக்கு.

எல்லாத் தகவலும் இப்போது ஓட்டைக்கு ஒரு யாமல் கோப்பாக (நிரல்களும் படிக்கக்கூடிய எளிய உரைக் கோப்பு) எங்கள் நிரல் களஞ்சியமான ரெப்போவில் இருக்கிறது. அதிலிருந்துதான் பட்டியல், தனிப் பக்கம், மற்ற கருவிகள் படிப்பதற்கான ஓஎஸ்வி வடிவக் கோப்பு மூன்றும் உருவாகின்றன. ஓஎஸ்வி வடிவத்தில் "நுழைந்தது", "திருத்தப்பட்டது" என்று நிகழ்வு நிகழ்வாக எழுத வேண்டும், அதனால் நுழைந்த பதிப்பை யோசிக்காமல் கோப்பை முடிக்கவே முடியாது. அடுத்த முறை அவசரத்தில் எழுதும்போது இது எங்களைப் பிடித்து நிறுத்தும்.

வெளியிடும் முன் இரண்டு நண்பர்களிடம் கொடுத்தேன். 2.9.1 பாதிக்கப்பட்டதா, ஆம் என்றால் எதற்கு மாற வேண்டும் என்பதுதான் கேள்வி. ஒருவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். மற்றவர் தடுமாறினார். பாதிக்கப்பட்ட கட்டங்களுக்குச் சிவப்பும், பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசியிருந்தேன். அவருக்கு அந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலவே தெரியும். நிறத்தோடு "பாதிப்பு உண்டு", "இல்லை" என்று சொல்லையும் எழுதியதும் அவருக்கும் உடனே புரிந்தது.

பக்கம் ஏறிய அன்று, ஜூனில் மடல் போட்டவருக்கு இணைப்பை அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். 2.7.4-இல் இரண்டு ஓட்டை என்கிறது பட்டியல். நீங்கள் வெளியிட்ட சோதனைக் காப்பகத்தை எங்கள் சர்வரில் ஓட்டினேன், இரண்டும் மறுக்கப்படுகின்றன." முழுப் பதிப்பு எண்ணை அனுப்பச் சொன்னேன். 2.7.4-ஐத் தொடர்ந்து ஒரு வால் இருந்தது, முடிவில் "டெப்11யு2" என்று. அவர் லைப்ரரியை எங்களிடமிருந்து எடுக்கவில்லை, லினக்ஸ் விநியோகமான டெபியன் 11-இன் பொதியாக நிறுவியிருக்கிறார். டெபியனின் நிலையான வெளியீட்டில் பதிப்பு எண்ணை ஏற்றமாட்டார்கள், பழைய பதிப்புக்குள்ளேயே திருத்தத்தைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். யு2 என்றால் அப்படி இரண்டாவது முறை புதுப்பித்தது. ஜூனில் நான் அவருக்குச் சொன்ன பதில், எங்கள் வெளியீட்டைப் பொறுத்தவரை சரி, அவருடைய சர்வரைப் பொறுத்தவரை தவறு.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பட்டியலுக்கு நேர் மேலே மூன்றாவதாக ஒரு வரி சேர்ந்தது: "லினக்ஸ் பொதியாக நிறுவியிருந்தால் இந்த எண்கள் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் விநியோகத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் சிவிஇ எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்." அதற்கடுத்து, ஒவ்வோர் ஓட்டையின் தனிப் பக்கத்திலும் டெபியன் பாதுகாப்புக் கண்காணிப்புப் பக்கத்துக்கு இணைப்பு போடும்படி யாமல் வார்ப்புருவை மாற்றினேன். வரியின் சொற்களை அவரிடமே காட்டி, புரிகிறதா என்று கேட்டபிறகுதான் ஏற்றினேன்.